செட்.சீடு கொடுத்தும் ஒவ்வொரு முறையும் வேறு விடை, அவசரம்!!

தூங்காத_தரவு
எல்லாருக்கும் வணக்கம். ஆர் மொழியில் பூட்ஸ்ட்ராப் செய்கிறேன், அதாவது இருக்கும் தரவிலிருந்தே திரும்பத் திரும்ப மறுமாதிரி எடுத்து விடை எவ்வளவு ஆடும் என்று பார்க்கிறேன். தற்செயல் எண்கள் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வர, கோடின் முதல் வரியிலேயே செட்.சீடு 123 என்று போட்டிருக்கிறேன். அப்படியும் ஓட்டுகிற ஒவ்வொரு முறையும் மருந்தின் விளைவுக்கான 95% நம்பக இடைவெளி மாறுகிறது. ஒரு முறை 0.4 முதல் 5.1 வரை, அடுத்த முறை −0.2 முதல் 5.4 வரை. பூஜ்ஜியம் (அதாவது விளைவே இல்லை என்பது) உள்ளே வருவதும் வெளியே போவதுமாக இருக்கிறது. இதே கோடை நண்பனுக்கு அனுப்பினேன், அவனுக்கு எத்தனை தடவை ஓட்டினாலும் ஒரே விடைதான். நாளை வழிகாட்டியிடம் காட்ட வேண்டும். என்ன செய்வது?

புள்ளிமான்
கோட் எங்கே? என்ன மாடல், எத்தனை வரிசை, எத்தனை மறுமாதிரி, ஆர் எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம்? இதெல்லாம் தெரியாமல் ஜோசியம்தான் சொல்ல முடியும்.

பழைய_பதிப்பு
ஜோசியமே தேவையில்லை, இது பதிப்புக் கோளாறு. 2019இல் வந்த ஆர் 3.6.0இல் சாம்பிள் ஃபங்ஷன் எண்களைப் பொறுக்கும் முறையையே மாற்றிவிட்டார்கள். முன்பு ரவுண்டிங், இப்போது ரிஜெக்‌ஷன். ஒரே சீடு கொடுத்தாலும் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் வேறு வேறு வரிசைகளை எடுக்கும். நண்பர் என்ன பதிப்பு வைத்திருக்கிறார் என்று கேளுங்கள்.

புள்ளிமான்
அது இரண்டு கணினிக்கு நடுவில் வரும் வித்தியாசத்துக்குச் சரி. அவருக்கு ஒரே கணினியிலேயே ஓட்டத்துக்கு ஓட்டம் மாறுகிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பழைய_பதிப்பு
முதலில் பதிப்பைச் சொல்லட்டும்.

தூங்காத_தரவு
சாதாரண பூட்ஸ்ட்ராப்தான். 200 மறுமாதிரி. எல்எம்இ4 பேக்கேஜில் மிக்ஸ்டு மாடல் (ஒரே ஆளின் பல அளவுகளைச் சேர்த்துப் பார்க்கும் மாடல்), 228 வரிசை. கோட் பெரியது, போட முடியாது.

இடைவெளி_ராஜா
200ஆ! அதுதான் வினை. 200 மதிப்புகளை வரிசைப்படுத்தி 2.5% வெட்டினால் ஒரு ஓரத்தில் வெறும் 5 மதிப்புகள்தான் நிற்கின்றன. அந்த ஐந்து எங்கே விழுந்தன என்பதுதான் உங்கள் எல்லைக்கோடு, ஆடாமல் என்ன செய்யும்? நிலைப்பிழை (ஸ்டாண்டர்டு எரர்) மட்டும் வேண்டுமென்றால் 200 ஓரளவு தாங்கும். இடைவெளிக்கு 2000க்குக் கீழே இறங்காதீர்கள். பிசிஏ (BCa, சாய்வைத் திருத்திய இடைவெளி) முறைக்குப் போகும் எண்ணம் இருந்தால் இன்னொன்று: பூட் பேக்கேஜில் மறுமாதிரி எண்ணிக்கை வரிசை எண்ணிக்கையைவிடக் குறைந்தால் 'ஏ' என்ற திருத்த எண் கிடைக்கவில்லை என்று பிழை காட்டி நின்றுவிடும். 228க்கு 200 என்றால் உங்களுக்கு அதுதான் நடக்கும்.

பைத்தான்_பக்தன்
இந்தத் தலைவலியெல்லாம் எதற்கு? பைத்தானுக்கு வந்துவிடுங்கள். நம்பை (NumPy) நூலகத்தில் சீடு சீக்குவென்ஸ் என்று ஒன்று 1.17 பதிப்பிலிருந்தே இருக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி தற்செயல் எண் ஓடையைப் பிரித்துக் கொடுத்துவிடும்.

கலைக்களஞ்சியம்
நாளை காலை காட்ட வேண்டியவரை இன்று இரவு மொழி மாறச் சொல்கிறீர்கள். நல்ல ஆலோசனை.

தம்பி தூங்காத_தரவு, கேள்வி கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. "கோட் பெரியது" என்று சொல்வது மருத்துவரிடம் "வலி பெரியது, இடம் சொல்ல மாட்டேன்" என்பது மாதிரி. பத்து வரியாகச் சுருக்கிப் பிழை வருகிறதா என்று பார்த்திருந்தால் பாதிப் பேருக்கு இங்கே வரும் தேவையே இருக்காது. இதை எத்தனை இழையில்தான் சொல்வது?

தூங்காத_தரவு
சாரி சார். 200க்கே ஒரே கோரில் அரை மணிக்கு மேல் ஆகிறது, அதனால்தான் கூட்டவில்லை. இப்போது எம்சிஎல்அப்ளை (வேலையைப் பிரித்து ஒரே நேரத்தில் ஓட்டும் ஃபங்ஷன்) போட்டு எட்டுக் கோரிலும் ஓட்டுகிறேன். நான் லினக்ஸ், நண்பன் விண்டோஸ். விண்டோஸாக இருந்தால் கோர் எண்ணிக்கை 1 என்று ஒரு இஃப் வரி இருக்கிறது, அது சீனியர் கொடுத்த கோடிலிருந்து வந்தது.

புள்ளிமான்
இதை முதல் பதிவிலேயே போட்டிருக்கக் கூடாதா!

கலைக்களஞ்சியம்
ஆக, பேரலல். முடிந்தது கதை. எம்சிஎல்அப்ளையின் உதவிப் பக்கத்தில் எழுதியே இருக்கிறது, யாரும் படிப்பதில்லை. ஆர் வழக்கமாகப் பயன்படுத்துவது மெர்சன் ட்விஸ்டர் என்ற தற்செயல் எண் முறை. நீங்கள் கொடுத்த 123 தாய்ச் செயல்முறைக்கு மட்டும்தான். கிளைத்துப் போகும் ஒவ்வொரு செயல்முறையும் அதை உதறிவிட்டுத் தனக்கென்று புதிய தொடக்கம் எடுத்துக்கொள்ளும். அப்படி எடுக்காவிட்டால் எட்டும் ஒரே எண்களை உருட்டும், அது இன்னும் மோசம். நண்பருடைய விண்டோஸில் ஒரு கோர் என்பதால் அது ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் சாதாரண எல்அப்ளையாகத்தான் ஓடுகிறது. அதனால்தான் அவருக்கு மாறவில்லை.

செட்.சீடு வரிக்கு முன்னால் ஆர்என்ஜிகைண்ட் கொடுத்து, தனித்தனி ஓடைகளாகப் பிரிக்கக்கூடிய லெக்குயே என்ற தற்செயல் எண் வகைக்கு மாற்றுங்கள். கோர் எண்ணிக்கையை மாற்றாதவரை விடையும் மாறாது.

வெக்டர்_வேந்தன்
"கோர் எண்ணிக்கையை மாற்றாதவரை" என்பதுதான் பொறி. நாளைக்கே நாலு கோர் கணினியில் ஓட்டினால் மறுபடி வேறு விடை. ஃப்யூச்சர்.அப்ளை பேக்கேஜ் எடுத்து ஃப்யூச்சர்.சீடு ட்ரூ என்று வைத்துவிட்டால் ஒவ்வொரு மறுமாதிரிக்கும் தனி ஓடை. எத்தனை கோர், எந்த இயங்குதளம் என்ற கவலையே இல்லை. நண்பரின் விண்டோஸிலும் எல்லாக் கோரும் ஓடும்.

அப்புறம், அரை மணி என்றால் உள்ளே ஃபார் லூப் இருக்க வேண்டும். ஆரில் ஃபார் லூப் மெதுவானது, எல்லாவற்றையும் எல்அப்ளைக்கு மாற்றுங்கள்.

கலைக்களஞ்சியம்
இந்தக் கட்டுக்கதை இன்னும் சாகவில்லையா? 2017இல் ஆர் 3.4.0 வந்ததிலிருந்து ஜிட் கம்பைலர் (கோடை ஓடும்போதே வேகமான வடிவுக்கு மாற்றுவது) தானாகவே வேலை செய்கிறது. எல்அப்ளையும் உள்ளுக்குள் ஒரு லூப்தான்.

வெக்டர்_வேந்தன்
ஒவ்வொரு சுற்றிலும் ஆர்பைண்ட் (அடியில் வரிசை சேர்க்கும் ஃபங்ஷன்) போட்டு டேட்டா ஃப்ரேமை வளர்த்துப் பாருங்கள், தெரியும்.

கலைக்களஞ்சியம்
அது ஆர்பைண்டின் குற்றம். ஒவ்வொரு சுற்றிலும் முழு அட்டவணையையும் நகலெடுக்கிறீர்கள். முன்கூட்டியே ஒரு லிஸ்ட் ஒதுக்கி அதில் போட்டுவிட்டுக் கடைசியில் ஒரே தடவை சேர்த்தால் ஃபார் லூப்பும் பறக்கும்.

வெக்டர்_வேந்தன்
புதிதாகக் கற்பவர் யாரும் முன்கூட்டியே ஒதுக்குவதில்லை. அவருக்கு எல்அப்ளை அதைத் தானாகச் செய்து கொடுக்கிறது. நான் சொன்னது அதைத்தான்.

கலைக்களஞ்சியம்
நீங்கள் சொன்னது "ஃபார் லூப் மெதுவானது". மேலே எழுத்தில் இருக்கிறது.

பைத்தான்_பக்தன்
பைத்தானிலும் லூப் மெதுவானதுதான் :)

புள்ளிமான்
சண்டையைத் தனி இழைக்குக் கொண்டுபோங்கள் ஐயா. 228 வரிசைக்கு எல்எம்இ4இன் எல்எம்இஆர் ஃபங்ஷன் ஒரு முறை ஓட ஒரு நொடிகூட ஆகாது. 200 தடவைக்கு அரை மணி என்றால் ஃபங்ஷனுக்குள் வேறு ஏதோ நடக்கிறது. தூங்காத_தரவு, கோப்பை எங்கே திறக்கிறீர்கள்? இன்னொரு கேள்வி, இதுதான் முக்கியம்: மறுமாதிரி எடுப்பது எதை? வரிசைகளையா, ஆட்களையா?

தூங்காத_தரவு
கோப்பு ஃபங்ஷனுக்குள்தான். எக்செல், 4 லட்சம் வரிசை, அதிலிருந்து வடிகட்டி எடுக்கிறேன். 38 நோயாளிகள், ஆளுக்கு 6 வருகை, ரத்த அழுத்தம். பாதிப் பேருக்குப் புதிய மருந்து, பாதிப் பேருக்குப் பழையது. சாம்பிள் வரிசைகளில்தான் போடுகிறேன். அது தப்பா?

புள்ளிமான்
கோப்புத் திறப்பை வெளியே எடுங்கள், அரை மணி நொடிக்கணக்குக்கு வந்துவிடும். 200 தடவை 4 லட்சம் வரிசையைப் படிக்க வைத்திருக்கிறீர்கள். ஃபார் லூப் மேல் போட்ட பழியெல்லாம் வீண்.

சாம்பிள்தான் பெரிய விஷயம், நிதானமாகப் படியுங்கள். ஒரே நோயாளியின் 6 அளவுகள் ஒன்றோடொன்று ஒட்டியவை. வரிசைகளைக் குலுக்கி எடுத்தால் ஏறக்குறைய 38 பேருமே ஒவ்வொரு மறுமாதிரியிலும் வந்துவிடுவார்கள். அதே 38 பேரை வைத்துத் திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டால், வேறு 38 பேர் வந்திருந்தால் விடை எவ்வளவு மாறியிருக்கும் என்பது தெரியாது. மருந்து கொடுத்தது ஆளுக்கு, வருகைக்கு அல்ல. அதனால் மருந்தின் விளைவுக்கு வரும் இடைவெளி உண்மையைவிடக் குறுகலாக இருக்கும். சீடு சரியானாலும் நீங்கள் பெறப்போவது மாறாத தவறான விடை.

எனவே நோயாளி எண்களில் சாம்பிள் போடுங்கள், ஒவ்வொரு மருந்துக் குழுவுக்குள்ளும் தனித்தனியாக. எடுத்த நோயாளியின் 6 வரிசைகளும் சேர்ந்தே வர வேண்டும். இதில் எல்லாரும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு: ஒரே நோயாளி இரண்டு முறை தேர்வானால் இரண்டாவது பிரதிக்குப் புதிய எண் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் எல்எம்இஆர் அவரை 12 அளவுகள் கொண்ட ஒரே ஆளாக எடுத்துக்கொள்ளும். 38 பேரில் திருப்பிப் போட்டு எடுத்தால் வெவ்வேறு ஆட்களாகச் சராசரியாக 24 பேர்தான் வருவார்கள். எண் மாற்றாவிட்டால் 24 பேர் கொண்ட ஆய்வாகிவிடும், நோயாளிகளுக்கு இடையிலான மாறுபாட்டின் மதிப்பீடும் கெட்டுப்போகும். பிழைச் செய்தி எதுவும் வராது, கமுக்கமாக ஓடி முடிந்துவிடும்.

இடைவெளி_ராஜா
அல்லது பூட்மெர் போடலாமே. எல்எம்இ4இலேயே இருக்கிறது, பாராமெட்ரிக் பூட்ஸ்ட்ராப். சீடு கொடுக்கத் தனி இடமும் உண்டு. எண் மாற்றும் தொல்லை இல்லை.

புள்ளிமான்
போடலாம். ஆனால் அது மாடல் சரி என்று நம்பிக்கொண்டு அந்த மாடலிலிருந்தே புதுத் தரவை உருவாக்குகிறது. பிழைகள் இயல்நிலைப் பரவலில் இல்லையென்றால் அதுவும் காட்டிக்கொடுக்காது. 38 பேரில் நான் இரண்டையும் ஓட்டி ஒப்பிட்டுப் பார்ப்பேன்.

கலைக்களஞ்சியம்
எதைச் செய்தாலும், பூஜ்ஜியம் வெளியே விழுந்த ஓட்டத்தைப் பொறுக்கி வழிகாட்டியிடம் காட்டும் யோசனை இருந்தால் அதை இப்போதே விட்டுவிடுங்கள். முதல் பதிவின் தொனியைப் பார்த்துச் சொல்கிறேன்.

வெக்டர்_வேந்தன்
அவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லையே சார். எல்லாரையும் சந்தேகப்பட்டால் யார் கேள்வி கேட்க வருவார்கள்?

தூங்காத_தரவு
ஓடிவிட்டது. ஃப்யூச்சர்.அப்ளை போட்டேன், இரண்டு கணினியிலும் ஒரே விடை. 2000 மறுமாதிரி சீக்கிரமே முடிந்தது. நோயாளி வாரியாக எடுத்தால் −1.9 முதல் 7.2 வரை. வழிகாட்டியிடம் இதைத்தான் காட்டப் போகிறேன். சில மறுமாதிரிகளில் 'சிங்குலர்' என்று எச்சரிக்கை வருகிறது, விட்டுவிடலாமா? நன்றி எல்லாருக்கும்.

புள்ளிமான்
எத்தனை மறுமாதிரியில் வருகிறது? ரேண்டம் பகுதியில் என்ன வைத்திருக்கிறீர்கள், இன்டர்செப்ட் (ஆளுக்கு ஆள் மாறும் தொடக்க அளவு) மட்டுமா, வருகைக்கு ஸ்லோப்பும் (ஆளுக்கு ஆள் மாறும் ஏற்ற இறக்க வேகம்) உண்டா? ஸ்லோப் இருந்தால், சில மறுமாதிரிகளில் அதன் மாறுபாடு பூஜ்ஜியத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், அல்லது இன்டர்செப்ட்டோடு அதன் தொடர்பு 1 அல்லது −1 ஆகிவிடும். அதைத்தான் அது சிங்குலர் என்கிறது. அந்த மறுமாதிரிகளைத் தூக்கி எறியாதீர்கள், எறிந்தால் மிச்சமிருப்பவை ஒரு பக்கம் சாய்ந்துவிடும். எத்தனை என்று எண்ணிச் சொல்லுங்கள், நிறைய என்றால் மாடலைத்தான் எளிமையாக்க வேண்டியிருக்கும்.

இடைவெளி_ராஜா
ஆள் போய்விட்டார் போலிருக்கிறது. சந்திப்பு என்ன ஆயிற்று என்றாவது சொல்லியிருக்கலாம்.

பழைய_பதிப்பு
நண்பரின் ஆர் எந்தப் பதிப்பு என்று கடைசி வரை சொல்லவே இல்லை பாருங்கள்.