பதினொன்றாம் வகுப்பு மாணவர்களைப் பட்டறைக்கு அனுப்ப எந்தக் கடிதம் தேவை?

வணக்கம். கோவையில் அரசுப் பள்ளி ஒன்றில் தொழிற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். இயந்திரவியல் பிரிவில் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் நான்கு மாணவர்களை, அரையாண்டு விடுமுறையில் மூன்று நாள் லேத் பட்டறை ஒன்றில் ஃபோர்மேனுடன் இருந்து வேலையைக் கவனிக்கச் செய்ய விரும்புகிறேன்; இயந்திரம் எதையும் அவர்கள் இயக்கப் போவதில்லை.

இரண்டு மாதங்களாகக் கணபதி, பீளமேடு பகுதிகளில் ஏழு பட்டறைகளுக்கு நேரில் சென்றேன். தலைமையாசிரியரின் கடிதம், பெற்றோரின் ஒப்புதல் இரண்டையும் காட்டியும் ஆறு இடங்களில் மறுத்துவிட்டனர். ஏழாமவர் ஒரு நாள் முன்னோட்டமாக அனுமதித்தார். அன்று பம்பு தண்டு ஒன்றைக் கடைந்து முடித்த ஃபோர்மேன், வெர்னியரை ஒரு மாணவனிடம் நீட்டி விட்டத்தை அளக்கச் சொன்னார். வகுப்பில் தடுமாறுகிறவன், சூடு ஆறாத அந்த இரும்பை இரண்டு முறை அளந்து சரியாகச் சொன்னான். மறுநாளே உரிமையாளர், "பதினெட்டு வயது நிறையாத பிள்ளைகள், ஆய்வாளர் வந்தால் நான் என்ன பதில் சொல்வேன்?" என்று கைவிரித்தார். (அவர் அச்சத்தில் நியாயம் உண்டு.) 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம், 14 முதல் 18 வயது வரையுள்ளோரை அபாயகரமான தொழில்களில் அமர்த்துவதையே தடுக்கிறது என்று விளக்கியும் பயனில்லை.

இவ்வாறு மாணவர்களை அனுப்பியவர்கள், பட்டறை உரிமையாளர் ஏற்கும்படி எந்த அலுவலகத்தில் என்ன கடிதம் பெற்றீர்கள்?