காற்றில் மின்வில் உருவாக எத்தனை வோல்ட் தேவை?

கேள்வி:
இரண்டு உலோகப் பரப்புகளுக்கு இடையே 1 மில்லிமீட்டர் காற்றிடைவெளி உள்ளது. சென்டிமீட்டருக்கு 30 கிலோவோல்ட் என்ற வழக்கமான கணக்கின்படி 3 கிலோவோல்ட் வருகிறது. இதை நம்பலாமா?

பதில் 1:
அப்படியே நம்ப வேண்டாம். அந்த எண், இயல்பான வளிமண்டல அழுத்தத்திலும் சீரான மின்புலத்திலும் சுமார் 1 சென்டிமீட்டர் இடைவெளிக்குப் பொருந்துவதாகும். இடைவெளி சிறுக்கும்போது எலக்ட்ரான்கள் மோதிப் பெருகுவதற்கான தூரமும் சுருங்குவதால், காற்றை முறிக்க (அதாவது மின்சாரத்தைக் கடத்தச் செய்ய) இன்னும் வலுவான புலம் தேவைப்படுகிறது. சென்டிமீட்டரில் உள்ள இடைவெளியை 24.4 ஆல் பெருக்கி, அதே இடைவெளியின் வர்க்கமூலத்தின் 6.53 மடங்கைக் கூட்டினால் கிலோவோல்ட்டில் விடை கிடைக்கும். உங்களுக்கு ஏறத்தாழ 4.5 வரும்.

பதில் 2:
மேலே சொன்னது தட்டையான, வழவழப்பான பரப்புகளுக்கு மட்டுமே. ஊசிமுனையாக இருந்தால் நுனியில் புலம் செறிந்துவிடும் என்பதால், குறிப்பாக இடைவெளி அகலமாக இருக்கும்போது, மிகக் குறைந்த மின்னழுத்தத்திலேயே பொறி பறக்கும். ஆகவே காப்பு இடைவெளியை வடிவமைக்க இந்தச் சூத்திரத்தைப் பயன்படுத்தாதீர்கள்.

கேட்டவர்:
அப்படியானால், வெல்டிங்கில் சில பத்து வோல்ட்டிலேயே மின்வில் எரிவது எப்படி?

பதில் 1:
அங்கே காற்று முறிக்கப்படுவதில்லை. மின்வாயைத் தொட்டு விலக்கும்போது, தொடுமுனை சூடேறி, பிரியும் கணத்திலேயே மின்சாரத்தைக் கடத்தும் பிளாஸ்மா (அயனியாக்கப்பட்ட சூடான வாயு) உருவாகிவிடுகிறது. தொடாமல் பொறியை மூட்ட வேண்டுமானால், இடைவெளியை எவ்வளவு குறைத்தாலும், பாஷன் வளைகோட்டின்படி (வாயுவின் அழுத்தம், இடைவெளி ஆகியவற்றைப் பொறுத்து முறிவு மின்னழுத்தம் மாறுவதைக் காட்டும் கோடு) காற்றுக்குச் சுமார் 330 வோல்ட்டாவது வேண்டும்.