‘ஸ்டம்ப்வொர்க்’: கட்டைத் தையலா, புடைப்புத் தையலா?

> ஸ்டம்ப் என்றால் அடிக்கட்டை. ‘கட்டைத் தையல்’ என்றே வைத்துக்கொள்ளலாமே?

ஐயா, வணக்கம்.

துணியில் உருவங்கள் மேடாக எழும்பி நிற்கும்படி தைக்கும் ‘ஸ்டம்ப்வொர்க்’ கலைக்கு நீங்கள் சொன்ன ‘கட்டைத் தையல்’ எனக்கு ஒப்பவில்லை. அந்த ஆங்கிலப் பெயரே 19ஆம் நூற்றாண்டில் வந்து ஒட்டிக்கொண்டதுதான். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இதன் பெயர் ‘ரெய்ஸ்டு வொர்க்’, அதாவது மேடாக எழுப்பிய வேலை. நாம் அந்தப் பழைய பெயரைப் பிடித்துக்கொள்வது நல்லது.

வேலையையும் பாருங்கள். வெள்ளை சாட்டினில், பைபிளில் வரும் அகாஸ்வேரு ராஜாவின் முன் எஸ்தர் நிற்கிறாள். உடுத்தியிருப்பதோ இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ் காலத்து அரண்மனை உடை. கழுத்தில் கடுகளவு முத்துகள், மாளிகைச் சன்னலுக்குக் காக்காப்பொன். உருவம் மேடாக எழும்ப உள்ளே கம்பளி திணித்திருப்பார்கள். சிலவற்றில் முகத்துக்கும் கைக்கும் செதுக்கிய சிறு மரத்துண்டும் உண்டு. கட்டை என்று நீங்கள் சொன்னது அதை வைத்துத்தான் என்றால், எல்லா உருவத்திலும் மரம் இருக்காது.

நான் ‘புடைப்புத் தையல்’ பக்கம். புடைப்புச் சிற்பம் என்று சொல்லிப் பழகியவர்களுக்கு விளக்கமே வேண்டாம். ஓர் உறுத்தல் மட்டும் உண்டு. சிற்பத்தில் உருவம் கல்லை விட்டுப் பிரியாது. இங்கே இலை, பூவிதழ், திரைச்சீலை எல்லாம் தனியே பின்னப்படுகின்றன. சட்டைக்குக் காஜா எடுக்கிற அதே தையலை, துணியில் குத்தாமல், ஒரு வரிசையின் கண்ணிகளில் அடுத்த வரிசையைக் கோத்துக்கொண்டே போவார்கள். பிறகு ஓரத்தை மட்டும் சாட்டினோடு சேர்ப்பார்கள். இலையை ஊசிமுனையால் தூக்கினால் அடியில் வெறும் சாட்டின் தெரியும். அதற்காக, எழும் தையல் என்ற பொருளில் ‘எழுதையல்’ என்று போட்டுப் பார்த்தேன். படிக்கிறவர் ‘எழுது’ என்று பிரித்துவிடுவார், சரிவராது.

அதனால் கலைக்குப் புடைப்புத் தையல், அந்தத் தனிப் பின்னலுக்குத் ‘தனிக்காஜா’ என்று இரண்டு சொல்லாக வைத்துக்கொள்ளலாம். காஜா தமிழா என்று யாராவது கேட்பார்கள். தையல்காரர் வாயில் இருக்கும் சொல், எனக்கு அது போதும்.

இந்த வேலையில் ஊசி பிடித்தவர்களில் பலர் சிறுமிகள். மான்செஸ்டரின் விட்வர்த் கலைக்கூடத்தில் ஹன்னா ஸ்மித் என்ற சிறுமி பைபிள் காட்சிகள் தைத்த பேழை இருக்கிறது. 1654இல் ஆக்ஸ்போர்டுக்குப் போனபோது தனக்குக் கிட்டத்தட்ட 12 வயது, பேழை 1656இல் லண்டனில் கட்டி முடிந்தது என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறாள். பின்னாளில் மறந்துபோனால் எடுத்துப் படித்துக்கொள்ளவாம். அவள் வயதுப் பிள்ளைகள் கண்ணி கண்ணியாகக் கோத்த வேலையைக் ‘கட்டை’ என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை, ஐயா.

தையல் தெரிந்தவர்கள் ‘தனிக்காஜா’வைச் சொல்லிப் பார்த்து, இடறினால் எழுதுங்கள்.