எனக்கு இடுப்புல ஒரு எலும்பு கம்மியாமா? எக்ஸ்ரே பார்த்துச் சொல்லுங்க

பேட்லாக்_திருப்பூர்:
வணக்கமுங்க. பனியன் கம்பெனியில 16 வருஷமா பேட்லாக் தையல் மெஷின் ஓட்டறேன். வயசு 38. ஒன்றரை ஷிப்ட் முடிச்சு எந்திரிச்சா இடது பக்கம், இடுப்புக்கும் குண்டிக்கும் நடுவுல ஒரே இடத்துல குத்துதுங்க. ஒத்தை விரலை வெச்சு இங்கதான்னு காட்டிருவேன். காலுக்கு இறங்கறதில்ல.

எக்ஸ்ரே எடுத்த இடத்துல ஒரு பையன், "அக்கா, அஞ்சு எலும்பு இருக்கற இடத்துல உங்களுக்கு நாலுதான், கடைசி எலும்பு இடுப்போட ஒட்டிக்கிச்சு"ன்னு சொல்லிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுட்டான். பஸ்ஸுல வரும்போதெல்லாம் அதே நெனப்பு. ரிப்போர்ட்டுல "எல்-5 சேக்ரலைசேஷன், இடது, காஸ்டெல்வி 2ஏ"ன்னு இருக்கு. குனிஞ்சே உக்காந்து தேஞ்சு ஒட்டிருச்சுன்னு மாமியார் சொல்றாங்க. நெசமாங்க? ரெண்டு பிரசவமும் சுகப்பிரசவந்தான்.

லோடுமேன்77:
எனக்கும் இடுப்பு வலிதான், எல்-4 எல்-5 டிஸ்க் பல்ஜ். பெல்ட் வாங்கிக் கட்டுங்க அக்கா, ஒரு வாரத்துல சரியாயிடும்.

பிசியோ_மதுரை:
தம்பி, உங்களுக்கு டிஸ்க், அதாவது எலும்புகளுக்கு நடுவுல இருக்கிற மெத்தை. அக்காவுக்கு வேற. பெல்ட் கொஞ்சம் பொறுக்கட்டும்.

அக்கா, தேஞ்சும் ஒட்டல, உக்காந்தும் ஒட்டல. நீங்க உங்க அம்மா வயித்துல இருக்கும்போதே அமைஞ்சது இது. எந்த எலும்பும் காணாமப் போகவும் இல்ல. இடுப்புப் பகுதியில முதுகெலும்பு 5, மேல இருந்து எல்-1, எல்-2ன்னு எண்ணி எல்-5 வரை. அதுக்குக் கீழ இன்னொரு 5 எலும்பு இருபது வயசைத் தாண்டும்போது ஒண்ணாச் சேர்ந்து சேக்ரம்னு ஒரே முக்கோணமா ஆயிடும். அந்த எல்லையில இருக்கிற எலும்பு சிலருக்கு மேல சேரவா கீழ சேரவான்னு ரெண்டுங்கெட்டானா நின்னுடுது. உங்க எல்-5 அப்படி, அதைத்தான் சேக்ரலைசேஷன்னு எழுதியிருக்காங்க.

நான் முதல் வருஷம் படிக்கும்போது ஹாஸ்டல்ல ஒரு அட்டைப்பெட்டி நிறைய எலும்பு கிடக்கும். அதுல இருந்த ஒரு சேக்ரத்தைத்தான் வைவாவுல, அதாவது வாய்மொழித் தேர்வுல, கையில கொடுத்து, ஓட்டை எத்தனைன்னாங்க. நரம்பு வெளிய வர்ற ஓட்டை பக்கத்துக்கு 4 இருக்கும்னு மனப்பாடம், எண்ணாமலே சொன்னேன். "எண்ணுப்பா." ஒரு பக்கம் 4, மறுபக்கம் 5! எல்-5 ஒரு பக்கம் மட்டும் முழுசா ஒட்டின எலும்பு அது. அன்னைக்குப் பட்ட அவமானத்துல இந்த விஷயம் மட்டும் மறக்கவே இல்ல.

உங்களுக்கு அந்த அளவு ஒட்டல. ஒவ்வொரு முதுகெலும்புக்கும் ரெண்டு பக்கமும் இறக்கை மாதிரி ஒரு நீட்டம் இருக்கும். உங்க எல்-5ல இடது இறக்கை அகலமா வளர்ந்து சேக்ரத்து மேல போய் உரசி, இருக்கக் கூடாத இடத்துல ஒரு மூட்டு உண்டாகியிருக்கு. காஸ்டெல்விங்கறது இதை வகை பிரிக்கிற முறை. அதுல 2ங்கறது அந்தப் பொய் மூட்டு, "ஏ"ங்கறது ஒரு பக்கம் மட்டும். வலது பக்கம் சாதாரணமா அசையும், இடது பக்கம் பிடிச்சு நிக்கும். குனிஞ்சு திரும்பறப்போ சுமை சமமா விழாது. இதனால வர்ற வலியை பெர்டொலோட்டின்னு ஒரு இத்தாலிக்காரர் 1917லயே எழுதிட்டார். ஆனா இப்படி எலும்பு இருந்தும் வலியே தெரியாம வாழ்றவங்க ஏராளம். அதனால எக்ஸ்ரேயில இருக்குங்கறதுக்காக வலிக்கும் அதுதான் காரணம்னு முடிவு கட்டிடாதீங்க.

ஒண்ணு செய்யுங்க. முதுகுக்குக் கீழ, சேலைக்கட்டுக்கிட்ட ரெண்டு பக்கமும் சின்னக் குழி தெரியும், வீட்டுக்காரரைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்க. நீங்க விரல் வைக்கிற இடம் குழிக்கு மேல உள்பக்கமா இருந்தா அந்தப் பொய் மூட்டு மேல சந்தேகம். குழியை ஒட்டிக் கீழ இருந்தா சேக்ரமும் இடுப்பெலும்பும் சேர்ற மூட்டா இருக்கலாம். காது வடிவத்துல இருக்கும், ரெண்டு மூணு டிகிரிக்கு மேல அசையாது, ஆனா மேல் உடம்போட பாரம் காலுக்கு இறங்கறது அது வழியாத்தான். இது ஒரு துப்பு மட்டும், நேர்ல தொட்டுப் பார்க்கணும்.

மெஷின்ல பெடலை எந்தக் கால்ல மிதிக்கிறீங்க? ஸ்டூல் எப்படி?

இன்னொண்ணு, ஒண்ணுக்குப் போறது அடைச்சாலோ, உக்கார்ற இடம் மரத்துப் போனாலோ இங்க வந்து கேக்காதீங்க, அன்னைக்கே ஆஸ்பத்திரி.

ஓய்வுபெற்ற_நர்ஸ்:
பாப்பா, நான் பிரசவ வார்டுல ரொம்ப வருஷம் இருந்தவ. முதுகுல ஊசி போடும்போது இடுப்பெலும்பு உச்சி ரெண்டையும் விரலால பிடிச்சு நேர்கோடு பார்ப்பாங்க, அது எல்-4 கிட்ட வரும். தண்டுவடம் எல்-1, எல்-2லயே முடிஞ்சிடறதால கீழ குத்தினாப் பயமில்ல. உன்னை மாதிரி எலும்பு இருந்தா கீழ இருந்து எண்றவங்களுக்குக் கணக்கு ஒண்ணு தப்பும். நாளைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் இந்த எக்ஸ்ரேயைக் கூடவே கொண்டுபோய்க் காட்டு. பரண்ல போட்டுடாதே.

பேட்லாக்_திருப்பூர்:
ரொம்ப நன்றிங்க. அவரு தொட்டுப் பாத்தாருங்க, குழிக்கு மேலதான், உள்பக்கமா. பெடல் வலது கால்ல. ஸ்டூலுக்கு இடது பக்கம் ஒரு கால் குட்டை, கட்டிங் வேஸ்டை மடிச்சு முட்டுக் கொடுத்திருக்கேன். நாலு வருஷமா அப்படித்தான் இருக்கு. நாளைக்குச் சூப்பர்வைசர்கிட்ட வேற ஸ்டூலு கேக்கறேனுங்க.