வாடகை வீடு, ஒரு சின்ன அறை, இரண்டு குழந்தைகள்: பொம்மைகளை அழகாக எடுத்து வைக்க வழி சொல்லுங்கள்

இரட்டைவால்_அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். வேளச்சேரியில் இரண்டு படுக்கையறை வாடகை வீடு. மூத்தவளுக்கு ஐந்து வயது, சின்னவனுக்கு ஒன்றரை. இரண்டாவது அறையைக் குழந்தைகளுக்கென்று விட்டிருக்கிறோம், பத்துக்குப் பத்துதான், அதிலேயே ஒரு கட்டிலும் ஒரு இரும்பு பீரோவும். மிச்ச இடம் முழுக்க பொம்மை. இப்போதைக்கு எல்லாவற்றையும் இரண்டு பெரிய பிளாஸ்டிக் கூடைகளில் அள்ளிப் போடுகிறேன். அடியில் கிடக்கிற ஒரு காருக்காக சின்னவன் கூடையையே கவிழ்த்துவிடுகிறான். ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால் காலில் லெகோ குத்துகிறது.

இன்ஸ்டாகிராமில் வருகிற அறைகள் மாதிரி வெள்ளைச் சுவர், பிரம்புக் கூடை என்றெல்லாம் கேட்கவில்லை. யாராவது வீட்டுக்கு வந்தால் அந்த அறைக் கதவைச் சாத்தாமல் இருக்க முடிந்தால் போதும். வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார், காலண்டர் மாட்டியதற்கே முகம் சுளித்தார். பட்ஜெட் பத்தாயிரத்துக்குள். மாமியார் வீட்டில் பழைய டிரங்குப் பெட்டி ஒன்று சும்மா கிடக்கிறது, பெயின்ட் அடித்து பொம்மைப் பெட்டியாக்கலாமா? அப்புறம் மெலிசான கதைப் புத்தகங்கள் நிறைய இருக்கின்றன, அவற்றை எப்படி வைப்பது என்றும் தெரியவில்லை.

ரிடயர்ட்_டீச்சர்:

அம்மா, கூடை வாங்குவதற்கு முன்னால் அறையில் இருக்கிற பொம்மையைக் குறையுங்கள். தூக்கிப் போடச் சொல்லவில்லை, கண்ணிலிருந்து எடுத்து வைக்கச் சொல்கிறேன். மூன்று பங்காகப் பிரித்து ஒரு பங்கை மட்டும் வெளியே விடுங்கள், மற்ற இரண்டும் பரணில் இருக்கட்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை மாற்றினால் பழைய பொம்மையே புதுப் பொம்மையாக இறங்கி வரும். அமெரிக்காவில் டொலீடோ பல்கலைக்கழகத்தார் 2018இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒன்றரை வயதிலிருந்து இரண்டரை வயது வரையுள்ள 36 குழந்தைகளை ஒரு முறை 4 பொம்மைகளோடும் இன்னொரு முறை 16 பொம்மைகளோடும் விளையாட விட்டுப் பார்த்தார்கள். 4 இருந்தபோதுதான் ஒவ்வொரு பொம்மையோடும் அதிக நேரம், அதிக விதமாக விளையாடின. உங்கள் சின்னவன் அதே வயதுதான்.

நான் வேலை பார்த்தது மாண்டிசோரி பள்ளியில். இந்தக் கல்வி முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1939இல் இந்தியா வந்து முதலில் தங்கியதே நம் அடையாறில்தான், அதனால் சென்னையில் இந்த முறைக்கு வயது அதிகம். அந்த வகுப்பறைகளில் குழந்தையின் தோளுக்கு மேலே போகாத திறந்த அலமாரி, ஒரு தட்டில் ஒரு பொருள், இரண்டு பொருளுக்கு நடுவில் கொஞ்சம் வெற்றிடம், இவ்வளவுதான் இருக்கும். அந்த வெற்றிடம் முக்கியம். எடுத்ததைத் திரும்ப எங்கே வைக்க வேண்டும் என்று குழந்தைக்குச் சொல்வது அதுதான், நீங்கள் தேடுகிற அழகும் பாதி அங்கிருந்தே வந்துவிடும். தட்டு வாங்கக் கடைக்குப் போகவே வேண்டாம், கல்யாண சீரில் வந்து பாலிதீன் பையில் தூங்குகிற எவர்சில்வர் தாம்பாளங்கள் எல்லார் வீட்டிலும் இருக்கும். ஒரு தாம்பாளத்தில் ஜிக்சா, இன்னொன்றில் மணி கோக்கிற சாமான் என்று வைத்துப் பாருங்கள், மர அலமாரியில் எடுப்பாகத் தெரியும். மணி, ஜிக்சா துண்டு எல்லாம் மூத்தவளின் மேல் தட்டில், சின்னவனுக்கு எட்டாமல். சொப்பு சாமானுக்கு ஒரு சின்ன ஓலைப் பெட்டி போதும்.

மரவேலை_கோவை:

டீச்சர் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அலமாரி எது என்று யாராவது சொல்ல வேண்டுமே.

முதலில் டிரங்குப் பெட்டி. அதன் மூடி சின்னவன் தலையிலோ விரலிலோ விழுந்தால் என்ன ஆகும் என்று ஒரு தடவை வெறுங்கையால் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒளிந்து விளையாட உள்ளே இறங்கி மூடிக்கொள்கிற பயமும் உண்டு. மூடியைக் கழற்றி விளிம்பை அரம் போட்டு மழுக்கி, மேலே ரப்பர் பீடிங் மாட்டினால் அருமையான பெட்டி. மூடியோடுதான் வேண்டும் என்றால் கொண்டியைப் பிடுங்கிவிட்டு, எந்தக் கோணத்தில் விட்டாலும் அப்படியே நிற்கிற மாதிரி ஹைட்ராலிக் தாங்கி போடுங்கள், பக்கத்தில் நாலு காற்றுத் துளையும் வையுங்கள். இன்னொன்று, அந்தப் பழைய பெயின்டைக் காய்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே வேண்டாம். வீட்டு பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு, மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பெட்டி என்றால் எதுவும் இருக்கலாம், அந்தத் தூசி குழந்தை மூச்சில் போகக் கூடாது. பெட்டியை ஊரிலேயே விட்டுவிட்டு அதில் பாட்டி போர்வை வைத்துக்கொள்ளட்டும் என்பதுதான் என் கட்சி.

அலமாரிக்கு உங்கள் பட்ஜெட்டில் நல்ல வழி பழைய டிவி ஸ்டாண்ட். டிவி எல்லாம் சுவரில் ஏறிவிட்டதால் செகண்ட் ஹேண்ட் கடைகளில் அவை சீந்துவாரில்லாமல் கிடக்கின்றன. குட்டையாக, நீளமாக, உள்ளே தடுப்புகளோடு இருக்கும், நமக்கு வேண்டியதும் அதுதான். கண்ணாடிக் கதவு இருந்தால் கழற்றிவிடுங்கள். மரத்தூளை அழுத்திச் செய்கிற பார்ட்டிகிள் போர்டா என்று அடிப்பாகத்தைத் தடவிப் பாருங்கள், நம் வீடுகளில் தினமும் ஈரத்துணி போட்டுத் துடைப்பதால் அடி விளிம்பு தண்ணீர் குடித்து அப்பளமாக உப்பியிருக்கும். அப்படி இருந்தால் வேண்டாம்.

புதிதாகச் செய்வதானால் 18 எம்எம் பிடபிள்யூஆர் (ஈரம் தாங்குகிற) பிளைவுட் எட்டுக்கு நாலு ஷீட் ஒன்று வாங்குங்கள். நாலடி நீளம், இரண்டரை அடி உயரம், ஓரடி ஆழத்தில் இரண்டு தட்டு அலமாரி நடுத் தடுப்போடு அதில் வந்துவிடும், மிச்சப் பலகையில் ஒரு சக்கரப் பெட்டி செய்து கட்டிலுக்கு அடியில் தள்ளலாம். முதுகுப் பலகைக்கு மட்டும் 6 எம்எம் தனியாக. கீழே இரண்டு இஞ்ச் கால் வையுங்கள், துடைப்பமும் மாப்பும் போகட்டும், கரப்பான் கூடு கட்டாமல் இருக்கட்டும். கூலி ஊருக்கு ஊர் மாறும், பத்தாயிரத்தை ஒட்டி வரலாம். மூலைகளை மழுக்கச் சொல்லுங்கள்.

உயரமான அலமாரி மட்டும் வேண்டவே வேண்டாம். இழுப்பறையை ஒவ்வொன்றாக இழுத்துப் படிக்கட்டு மாதிரி ஏறுவதுதான் இந்த வயதுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு. இப்படிச் சாய்ந்து குழந்தைகள் இறந்ததால் ஐகியா என்ற ஃபர்னிச்சர் நிறுவனம் 2016இல் அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய 2 கோடியே 90 லட்சம் இழுப்பறைப் பெட்டிகளைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. குட்டை அலமாரியானாலும் கனமான சாமான் கீழ்த் தட்டில், ஜன்னலுக்கு அடியில் எதையும் போடாதீர்கள், கிரில்லைப் பிடித்து ஏறிவிடுவான்.

பெங்களூர்_தமிழன்:

ஐகியா பேச்சு வந்ததால் சொல்கிறேன், இங்கே நாகசந்திராவில் 2022இல் கடை திறந்ததிலிருந்து எங்கள் அபார்ட்மென்டில் பாதிப் பேர் வீட்டில் அவர்களுடைய கல்லாக்ஸ் அலமாரிதான். 33 சென்டிமீட்டர் சதுரக் கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு பெட்டி. படுக்கப் போட்டால் குட்டை அலமாரி. ட்ரோஃபாஸ்ட் என்று இன்னொன்று இருக்கிறது, பிளாஸ்டிக் டப்பாக்கள் பள்ளத்தில் சறுக்கி வரும், சின்னப் பிள்ளையே இழுத்து எடுத்துக்கொள்ளும். எதை வாங்கினாலும் சுவரோடு பிணைக்கச் சொல்லித்தான் கொடுக்கிறார்கள், பிணைக்கிற சாமானைப் பையிலேயே விட்டுவிடாதீர்கள்.

அழகுக்கு என் ஒரே யோசனை: டப்பா எல்லாம் ஒரே நிறம். பொம்மைகளே சிவப்பு, மஞ்சள், பச்சை என்று கத்துகின்றன, டப்பாவும் சேர்ந்து கத்தினால் அறை தாங்காது. கடையில் அட்டகாசமாகத் தெரிகிற கார்ட்டூன் டப்பாக்களை வாங்காமல் வெள்ளையோ சாம்பலோ எடுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று போனில் ஒரு படம் எடுத்து, பிரின்ட் போட்டு டப்பா முகத்தில் ஒட்டுங்கள், படிக்கத் தெரியாதவனும் சரியான இடத்தில் வைப்பான்.

லெகோவுக்கு ஓரத்தில் கயிறு கோத்த வட்டமான துணி விரிப்பு கிடைக்கிறது. விரித்து விளையாடிவிட்டு கயிற்றை இழுத்தால் மூட்டை. சின்னவன் கைக்கு எட்டாமல் அந்த மூட்டை பீரோ மேலே இருக்கட்டும். 3 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கான பொம்மைகளைச் சோதிக்கிற குழாயின் வாய் 31.7 மில்லிமீட்டர் அகலம், அதற்குள் முழுதாக அடங்குகிற எந்தச் சாமானும் அந்த வயதில் தொண்டைக்குள் போகலாம். லெகோ துண்டு, கோலி, பொம்மைச் செருப்பு எல்லாமே அடங்கும். வட்ட பேட்டரி போட்ட பொம்மை என்றால் மூடியில் ஸ்க்ரூ இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கீழ்த் தட்டில் வைக்க வேண்டும். அதை விழுங்கினால் உள்ளே புண்ணாக்கிவிடும், ஆஸ்பத்திரிக்கு ஓடியே ஆக வேண்டும்.

காரைக்குடி_மருமகள்:

பிரம்புக் கூடைக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்காதீர்கள் தோழி. எங்கள் பக்கம் பனை ஓலையில் கொட்டான் முடைவார்கள், கல்யாணத்துக்குப் பலகாரம் வைத்துக் கொடுப்பது. நாலு பக்கமும் வண்ண ஓலையில் கட்டம் கட்டமாக வேலைப்பாடு இருக்கும், ஒரே அளவில் ஆறு வாங்கி அடுக்கினால் அலமாரியின் முகமே மாறிவிடும். தூத்துக்குடி மணப்பாட்டிலும் ஓலைப் பெட்டிகள் நன்றாகச் செய்கிறார்கள். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், காய்ந்த துணியால் துடைத்து ஒரு வெயில் காட்டினால் சரியாகிவிடும். சின்னவன் கடிக்கிற வயது என்றால் முனை பிரிந்த ஓலையை வெட்டிவிடுங்கள்.

பஞ்சு பொம்மைகளுக்குப் பெட்டியே வேண்டாம். அறை உத்தரத்தில் தொட்டில் கொக்கி இருக்கிறதா பாருங்கள், சென்னை அடுக்குமாடிகளிலும் பல இடத்தில் போட்டிருப்பார்கள். பழைய காட்டன் சேலையைத் தூளியாகக் கட்டி, பெரியவர்கள் தலைக்கு மேலே நிற்கிற உயரத்துக்கு இழுத்து முடிந்துவிட்டு, கரடியையும் யானையையும் அதில் உட்கார வையுங்கள். சுங்குடிச் சேலை என்றால் இன்னும் அழகு. முந்தானை, கயிறு எதுவும் கீழே தொங்கக் கூடாது, கழுத்தில் சுற்றும்.

புத்தகத்துக்கு வருகிறேன். தூலிகா, நேஷனல் புக் டிரஸ்ட் மாதிரி பதிப்பகங்களின் குழந்தைப் புத்தகங்கள் மெலிசு, நிமிர்த்தி அடுக்கினால் முதுகில் பெயரே தெரியாது, குழந்தை எதையும் எடுக்காது. அட்டை முகம் தெரிய வைக்க வேண்டும். சுவரைத் தொட முடியாது என்கிறீர்கள், இரும்பு பீரோ இருக்கிறதே! மசாலா பாட்டில் வைக்கிற காந்தத் தட்டுகள் ஃபிரிட்ஜில் ஒட்டுவதற்கென்று விற்கின்றன, அவற்றை பீரோவின் பக்கவாட்டில் ஒட்டி நாலைந்து புத்தகம் முகம் காட்டி நிறுத்துங்கள். காந்தம் தட்டோடு பதிந்ததாக இருக்க வேண்டும், உதிர்கிற குட்டிக் காந்தம் ஆகவே ஆகாது. கட்டில் கம்பியில் தொங்கவிடுகிற மாதிரி பழைய ஜீன்ஸில் பைகள் தைத்தாலும் நன்றாக இருக்கும்.

பரணில் வைக்கிற பொம்மைப் பெட்டிக்குள் பாச்சை உருண்டை போடுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். சில குழந்தைகளுக்கு ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கும், அவர்களுக்கு அந்த உருண்டையில் இருக்கிற நாப்தலின் இரத்த அணுக்களையே உடைத்துவிடும். நான் காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து போடுகிறேன்.

இரட்டைவால்_அம்மா:

எல்லோருக்கும் நன்றி, டிரங்குப் பெட்டி ஊரிலேயே இருக்கட்டும் என்று முடிவாகிவிட்டது. பக்கத்துத் தெருவில் ஒரு தேக்கு டிவி ஸ்டாண்ட் பார்த்து வைத்திருக்கிறேன், நாலடி நீளம். இரண்டு சந்தேகம். டீச்சர், மூத்தவள் ஒரு பொம்மை காணாமல் போனாலும் ஊரைக் கூட்டுவாள், பரணுக்கு எப்படி ஏற்றுவது? மரவேலை அண்ணா, அந்த இரும்பு பீரோவே ஆபத்துதானோ?

ரிடயர்ட்_டீச்சர்:

அவள் தூங்கும்போது ஒளிக்காதீர்கள், அவளையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். "இந்த வாரம் யாரெல்லாம் ஊருக்குப் போகிறார்கள்?" என்று கேட்டால் ஐந்து வயதுக்காரி சந்தோஷமாக மூட்டை கட்டுவாள். கட்டிப்பிடித்துத் தூங்குகிற பொம்மை எந்தக் கணக்கிலும் வராது, அதைத் தொடவே கூடாது.

மரவேலை_கோவை:

பீரோவைப் பூட்டியே வையுங்கள், சாவி கதவில் தொங்கக் கூடாது. கனமான துணிகள் கீழ்த் தட்டுக்கு. முன் கால்களுக்கு அடியில் கொஞ்சம் பிளைவுட் துண்டு கொடுத்தால் சுவர்ப் பக்கம் சாய்மானம் வரும், ஆனால் அது மட்டும் போதாது, மேலே எல் வடிவ இரும்புப் பட்டை, அதாவது ஒரு எல் கிளாம்ப் போட்டுச் சுவரோடு பிணைத்தால்தான் நிம்மதி. வீட்டுக்காரரிடம் அழகுக்கு என்று கேட்காமல் குழந்தை மேல் பீரோ விழாமல் இருக்க இரண்டே துளை என்று கேட்டுப் பாருங்கள், காலி செய்யும்போது புட்டி வைத்து அடைத்துத் தருவதாகச் சொல்லுங்கள், பெரும்பாலும் மாட்டேன் என்று சொல்லமாட்டார்கள். தேக்கு ஸ்டாண்டுக்கும் அப்படியே ஒரு கிளாம்ப்.

ஒரு விஷயம், தரையோரம் ஸ்கர்ட்டிங் டைல்ஸ் சுவரை விட்டுத் துருத்திக்கொண்டிருக்கும், அதனால் ஸ்டாண்டின் முதுகு சுவரில் ஒட்டாது. கிளாம்ப் போடுகிற இடத்தில் அந்த இடைவெளி அளவுக்கு ஒரு மரத்துண்டு வைத்து முடுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஸ்க்ரூ இழுத்து கிளாம்ப் வளைந்துவிடும்.