மடிக்கணினிக்கு நிறம் அடிக்கிறோம்: கேஸிங், பிரைமர் இரண்டுக்கும் சொல் வேண்டும்

தக்கலை, தொழிற்பயிற்சி ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். விடுமுறைப் பயிற்சிக்கு ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். அரசு 2011 முதல் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கொடுத்த மடிக்கணினிகள் எங்கள் பக்கம் பல வீடுகளில் கிடக்கின்றன. உள்ளே நன்றாக ஓடும், வெளியேதான் கீறலும் கறையும். பேட்டரியை எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் பாகங்களைக் கழற்றி, பிள்ளைகளே பிடித்த நிறம் அடிக்கப் போகிறார்கள். இரண்டு சொல்லில் நிற்கிறேன்: கேஸிங் (கணினியின் பாகங்களைத் தாங்கும் பிளாஸ்டிக் வெளிப்பாகம்), பிரைமர் (நிறத்துக்கு முன் அடிக்கும் பூச்சு). 'உறை' என்றால் மடிக்கணினியைப் போட்டுக் கொண்டுவரும் துணிப்பையைத்தான் நினைக்கிறார்கள். கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். உதவுங்கள்.

நாகர்கோவில், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
உறை பொருந்தாது என்பது சரிதான் அம்மா. தலையணை உறை, வாளுறை, கடித உறை எல்லாம் போட்டுக் கழற்றுபவை. கேஸிங் இல்லாமல் அந்தக் கருவியே நிற்காது. தொல்காப்பிய மரபியலைப் பாருங்கள்: 'புறக்காழனவே புல்லென மொழிப, அகக்காழனவே மரமென மொழிப'. காழ் என்றால் மரத்தின் வைரம். பனைக்கு வைரம் வெளியே, உள்ளே வெறும் சோறு. அதனால்தான் அது புல். மடிக்கணினிக்கும் உறுதி வெளியேதான். ஆகவே 'புறக்காழ்' என்று வைக்கலாம். பனை நிறைந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒருமுறை சொன்னால் போதும், மறக்காது.

குழித்துறை, பொறியாளர்:
ஐயா, தொல்காப்பியம் என்றதும் சும்மா இருக்க முடியவில்லை. அந்த நூல் அரங்கேறியபோது கேட்டவர் என்று அதன் பாயிரம் சொல்லும் அதங்கோட்டாசான் எங்கள் விளவங்கோட்டுப் பக்கத்து அதங்கோட்டுக்காரர் என்றே நாங்கள் எண்ணுகிறோம். ஆனால் அந்த ஊரிலேயே இன்று 'காழ்' என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. 'வைரம் பாய்ந்த கட்டை' என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வழக்கில் இல்லாத சொல்லை விளக்கவே ஒரு வகுப்பு போய்விடும். எங்கள் பக்கம் முட்டைத் தோடு, நண்டுத் தோடு என்போம். கணினித் தோடு என்றால் என்ன?

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:
தோடு என்றால் எங்களுக்குக் காதில் போடுவதுதான். கையேடு நாளை மாவட்டம் தாண்டினால் நகைக்கடை விளம்பரமாகப் படிப்பார்கள். 'மேலோடு' பொதுவாக இருக்கும்.

நாகர்கோவில்:
மேலோடு என்றால் கீழ்ப்பாகத்தை என்ன சொல்வது? கீழ்மேலோடா? மூடி, திரைச் சட்டம், விசைப்பலகைப் பாகம், அடித்தட்டு எல்லாம் சேர்ந்ததுதான் கேஸிங். புறக்காழ் கடினம் என்றால் இன்னொன்று தருகிறேன். குறள் 338: 'குடம்பை தனித்துஒழியப் புள்பறந் தற்றே உடம்பொடு உயிரிடை நட்பு'. இந்தக் குடம்பையைப் பரிமேலழகர் முட்டை என்றார், கூடு என்று கொள்வாரும் உண்டு. எனக்கு இரண்டும் சம்மதமே. உயிரான பாகங்களை எடுத்துவிட்டு வெறும் ஓட்டை மேசையில் வைத்துத்தானே நிறம் அடிக்கிறோம்! முட்டையின் ஓடும் கூட்டின் வெறுமையும் ஒரே சொல்லில் கிடைக்கின்றன.

குழித்துறை:
ஐயா, நீங்களே வாயால் சொல்லிவிட்டீர்கள். 'கூடு' போதுமே. எலும்புக்கூடு, கூடு விட்டுக் கூடு பாய்தல் எல்லாம் எல்லோருக்கும் தெரியும். 'கூடு' என்ற வினையும் உள்ளே இருக்கிறது. மேல்பாதியும் கீழ்பாதியும் கொக்கிகளால் கூடித்தானே நிற்கின்றன. மேல்கூடு, கீழ்கூடு, கூட்டைக் கழற்று. வாக்கியத்தில் இடறாமல் உட்காருகிறது.

மார்த்தாண்டம், வாகன பெயிண்டிங் பட்டறை:
டீச்சர், பிரைமரைப் பற்றி யாரும் பேசவில்லையே. கூட்டின் உள்பக்கம் சின்ன எழுத்தில் ஏபிஎஸ் என்றோ பிசி+ஏபிஎஸ் என்றோ பிளாஸ்டிக்கின் வகை அச்சாகியிருக்கும். முதலில் அதைப் படிக்கச் சொல்லுங்கள். ஏபிஎஸ் என்றால் 600ஆம் நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து மினுக்கம் போகும்வரை தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பிளாஸ்டிக் பிரைமர் அடித்தால் போதும். அசிட்டோனைக் கிட்டே கொண்டுபோக வேண்டாம், ஏபிஎஸ் கரைந்துவிடும். கார் பம்பரில் வரும் பிபி (பாலிபுரொப்பிலீன்) பிளாஸ்டிக் வேறு. அதில் பெயிண்ட் ஒட்டாது, பிரைமருக்கு முன்னால் அட்ஹெஷன் புரோமோட்டர் என்று தனியாக ஒன்று அடிக்க வேண்டும். இரண்டையும் 'அடிப்பூச்சு' என்று எழுதினால் பிள்ளைகள் குழம்புவார்கள். கடையில் பிரைமர் என்று கேட்டால்தான் கொடுப்பார்கள், அதையே எழுதினால் என்ன?

இன்னொன்று. மினுமினுப்புக்கு அலுமினியத் தூள் கலந்த பெயிண்டைப் பலர் கேட்பார்கள். வைஃபை ஆன்டெனா பெரும்பாலும் திரையைச் சுற்றி மூடிக்குள் இருக்கிறது. அதன்மேல் உலோகப் பெயிண்ட் கனமாக ஏறினால் சிக்னல் குறையலாம். சாதா நிறமே நல்லது.

நாகர்கோவில்:
தம்பி, கடைக்குப் பிரைமர் சரி. ஆனால் அது என்ன வேலை செய்கிறது என்று வகுப்பில் சொல்ல ஒரு தமிழ்ப் பெயர் வேண்டும். கீறலை நிரப்பி நிறத்துக்குச் சமதளம் தருவது அடிப்பூச்சு. அட்ஹெஷன் புரோமோட்டர் போலப் பிடிப்பைத் தருவது 'பிடிபூச்சு'. ஊறுகாய் போல வினைத்தொகை, நடுவே ப் போட்டுவிடாதீர்கள்.

சென்னை:
ப் இல்லாவிட்டால் பிடி, பூச்சு என்று இரண்டு சொல்லாகத்தான் எல்லோரும் தட்டச்சு செய்வார்கள். 'ஒட்டுப்பூச்சு' என்றால் அந்தச் சிக்கலே இல்லை.

குளச்சல், படகுக்குப் பெயிண்ட் அடிப்பவர்:
ஒட்டு என்றால் எங்களுக்கு ஓட்டை அடைக்கும் வேலை. பிடிபூச்சுதான் சரி. டீச்சர், கையேட்டில் ஈரத்தைப் பற்றியும் எழுதுங்கள். நம்ம ஊருக்கு ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. அந்த நாளில் லாக்கர் (சீக்கிரம் காயும் பெயிண்ட்) அடித்தால், கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேல்தளம் குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து வெள்ளையாகிவிடும். கருப்பு அடித்தால் பால் தெளித்ததுபோல் தெரியும். நாங்கள் 'பெயிண்ட் பூத்துப்போச்சு' என்போம். வெயில் வந்த பிறகு மெல்லிசாக அடித்து, ஒவ்வொரு அடுக்கும் காய விட்டு அடுத்ததை அடிக்கச் சொல்லுங்கள்.

நாகர்கோவில்:
'பூத்தல்'! நீறு பூத்த நெருப்பு, சுவரில் உப்புப் பூத்தது. இந்தச் சொல்லை நாங்கள் யாரும் ஆக்கவில்லை, தொழில் செய்கிறவர் வாயிலேயே இருந்திருக்கிறது. கையேட்டில் கட்டாயம் சேருங்கள்.

தக்கலை:
எல்லோருக்கும் நன்றி. கூடு, அடிப்பூச்சு, பிடிபூச்சு, பூத்தல் என்று போடுகிறேன். அடிப்பூச்சுக்குப் பக்கத்தில் ஒருமுறை மட்டும் 'கடையில் பிரைமர் என்று கேட்கவும்' என்று வரும். அலுமினியத் தூள் பெயிண்ட் வேண்டாம் என்று தனிப் பெட்டியில் போடுகிறேன்.

சென்னை:
என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். பிடிபூச்சை முதல் பதிப்பிலேயே யாராவது 'பிடிப் பூச்சு' என்று திருத்தி அச்சிடுவார்கள். ஒட்டுப்பூச்சை இன்னும் கைவிடவில்லை.

நாகர்கோவில்:
திருத்துகிறவரிடம் நான் பேசுகிறேன். குடம்பையை அடைப்புக்குறிக்குள்ளாவது போட முடியுமா அம்மா?