மோட்டோ குட்ஸி 850 டி3: சூடானா இடது சிலிண்டர் மட்டும் படுத்துக்குது, காயில் மாத்தலாமா?

ஸ்டுட்கார்ட்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். என்கிட்ட இருக்கிறது 1978 மாடல் குட்ஸி 850 டி3, ரெண்டு சிலிண்டர் இத்தாலி பைக், போன வருஷம் இங்க பக்கத்து கிராமத்துல ஒரு பெரியவர்கிட்ட வாங்கினது, அவரு பதினோரு வருஷமா வைக்கோல் கொட்டகையில தார்ப்பாய் போட்டு மூடியே வச்சிருந்தாரு. வண்டி பாக்க ராஜா மாதிரி இருக்கு, ஆனா ஒரு மாசமா என்னை சாவடிக்குது.

பிரச்சினை இதான். காலைல சோக் போட்டா ரெண்டாவது அமுக்குலயே ஸ்டார்ட் ஆயிடும், 20-25 நிமிஷம் வெண்ணெய் மாதிரி ஓடும், அப்புறம் திடீர்னு மிஸ்ஸிங் அடிக்க ஆரம்பிச்சு இடது சைலன்சர்ல பட் பட்னு வெடிச்சு கடைசில ஒத்தை சிலிண்டர்லயே வீட்டுக்கு உருட்டிட்டு வரேன். ஓரமா நிறுத்தி ஒரு கால் மணி நேரம் ஆறவிட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி திரும்ப ஓடுது. ரெண்டு பிளக்கும் புதுசு, பிளக் கேப் புதுசு. ஒரு ஒர்க்ஷாப்ல குடுத்து கார்பரேட்டர் ரெண்டையும் சர்வீஸ் பண்ணேன், 280 யூரோ வாங்கினாங்க, ஒரு மாத்தமும் இல்ல. இன்னொண்ணு, சார்ஜிங் லைட்டு ஓடும்போதும் முழுசா அணையாம மங்கலா, திருவிழா முடிஞ்ச அகல்விளக்கு மாதிரி எரிஞ்சுட்டே இருக்கு, ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கான்னு தெரியல.

அடுத்து இக்னிஷன் காயில் (பிளக்குக்கு ஹை வோல்ட் குடுக்கிறது) ரெண்டும் ஆர்டர் போடலாம்னு இருக்கேன். போடலாமா? வண்டி ரோட்டுல ஓட்ட தகுதியான்னு இங்க பாக்கிற டி.யூ.வி. இன்ஸ்பெக்‌ஷனுக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருக்கு.

லுகானோ அண்ணை:

தம்பி, ஒரு சாமானும் வாங்காதேங்கோ. முதல்ல உங்கட வண்டியில கடவுள் எல்லாத்தையும் ரெண்டு ரெண்டா தந்திருக்கிறார் எண்டதை யோசியுங்கோ. ரெண்டு கொயில், ரெண்டு சோடி பொயின்ற் (கொயிலுக்குப் போற கரண்டை வெட்டி விடுற சின்ன சுவிற்ச்), ரெண்டு கொண்டென்சர் (பொயின்ற்றில பொறி பறக்காமல் தாங்கிறது), ரெண்டு டெல்லோர்ட்டோ காபரேற்றர். ஒரு பக்கம் நல்லா வேலை செய்யுது எண்டா, நல்ல சாமான் உங்கட கையிலயே இருக்குது. இடதை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாத்திப் போட்டு, வருத்தம் எந்தப் பக்கம் போகுது எண்டு மட்டும் பாருங்கோ. 22 வருசமா நான் ரெண்டு குட்ஸி வச்சிருக்கிறன், இதுக்கு மேல பெரிய வித்தை ஒண்டும் படிக்கேல்லை.

டி3-யில பிளக் வயர் கொயிலில இருந்து நேரா பிளக்குக்குப் போகுது, நடுவில கரண்டைப் பிரிச்சுக் குடுக்கிற ரோட்டர் இல்லை, அதால மாத்திறது சுகம். வயருகளுக்கு முதல்ல ரேப் ஒட்டி இ எண்டும் வ எண்டும் எழுதுங்கோ, எழுதாமல் கழட்டினா பிறகு ராத்திரி 11 மணிக்கு எனக்குத்தான் மெசேஜ் போடுவீங்கள். பொயின்ற்றில இருந்து வாற வயர் ரெண்டையும் கொயிலில மாத்திக் குத்துங்கோ, பிளக் வயரையும் அதே மாதிரி மாத்துங்கோ. இப்ப இடது சிலிண்டர் வலது கொயிலில ஓடுது. ஓடிப்போய் சூடாக்குங்கோ. படுக்கிறது வலதா மாறினா கொயில் பழுது. இடதுதான் திரும்பவும் படுத்தா கொயில் சுத்தம், பொயின்ற், கொண்டென்சர், அந்தச் சின்ன வயர் மூண்டில ஒண்டு.

எது படுத்தது எண்டு காதால கேட்டு முடிவு எடுக்காதேங்கோ. ஓரமா நிப்பாட்டின உடனை சைலன்சர் பைப் ஹெட்டில இருந்து வாற இடத்தில ரெண்டு பக்கமும் தண்ணி ஒரு சொட்டு விடுங்கோ. வேலை செய்யிற பக்கம் சீறும், மற்றது சும்மா வழியும்.

பெற்றோல் பக்கத்தையும் ஒருக்கா பாத்து விட்டுடுங்கோ. படுத்த உடனை டாங்க் மூடியைத் திறவுங்கோ, உஸ் எண்டு காத்து இழுத்தா மூடியில ஓட்டை அடைச்சிருக்குது. ஆனா உங்களுக்கு ஒரு பக்கம் மட்டும், அதுவும் சூட்டில மட்டும் எண்டபடியால் எனக்கு பெற்றோலில சந்தேகம் குறைவு.

கோவை யெஸ்டி:

குட்ஸிய நான் நேர்ல பாத்ததே இல்லைங்க, ஆனா இந்தக் கதைய என் யெஸ்டில ரெண்டு தடவ அனுபவிச்சிருக்கேன், எங்க மெக்கானிக் அண்ணன் வண்டி சத்தத்த போன்ல கேட்டுட்டே சொல்லுவாரு, “பிளாட்டினமும் கண்டன்சரும் பாருப்பா”ன்னு (பாயின்ட்டத்தான் பிளாட்டினம்னு சொல்லுவோம்). ஆறினா ஓடுது சூடானா நிக்குதுன்னா முக்காவாசி கண்டன்சர்தாங்க. உள்ள இருக்கிற இன்சுலேஷன் சூட்டுல லீக் ஆகும், பிளாட்டினம் திறக்கிறப்ப கரண்ட் அங்கயே தாவிரும், பிளக்குக்கு வர்ற ஸ்பார்க் செத்துப்போகும்.

பாக்கிறது ரொம்ப ஈஸி. ராத்திரி வண்டிய இருட்டுல நிறுத்தி பாயின்ட் மூடிய கழட்டிட்டு ஓடவிடுங்க. நல்ல பக்கம் பிளாட்டினத்துல ஊசி முனை அளவு லேசா மினுக்கும், அவ்ளோதான். கெட்ட பக்கம் நீலமும் வெள்ளையுமா வெல்டிங் வைக்கிற மாதிரி பளிச் பளிச்னு அடிக்கும். சூடாகாம தெரியலைன்னா வீட்டுல அம்மணி ஹேர் டிரையர் இருக்குமில்ல, அத எடுத்து கண்டன்சர் மேல மட்டும் ஊதுங்க. (திரும்ப வைக்கிறப்ப தொடச்சு வச்சிருங்க, நான் வாங்கிக்கட்டிக்கிட்டேன்.)

புதுசு வாங்கினா புதுசுங்கிறதுக்காக நம்பிராதீங்க. நான் வாங்கின ரெண்டுல ஒண்ணு பாக்ஸ்லயே செத்துப்போயிருந்துச்சு. பழசுல நல்லது ஒண்ணு கிடைச்சா டேப் சுத்தி சீட்டுக்கு அடியில போட்டுக்கங்க.

கஃபே ரேசர் 76:

எதுக்கு பாஸ் இவ்ளோ கஷ்டம், எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட் ஒண்ண வாங்கி மாட்டிட்டு பாயின்ட், கண்டன்சர் எல்லாத்தையும் குப்பைல போடுங்க, 50 வருஷ பழைய டெக்னாலஜிய கட்டிட்டு அழுவானேன். நான் மாட்டி ஆறு வருஷம் ஆச்சு, டைமிங்க தொட்டதே இல்ல.

லுகானோ அண்ணை:

நல்ல சாமான்தான், நான் இல்லை எண்டு சொல்லேல்லை. ஆனா பழுதைக் கண்டுபிடிக்காமல் அதுக்கு மேல புதுசு பூட்டினா, நாளைக்கு கிட் பூட்டியும் படுத்தா என்ன செய்வார்? கறள் பிடிச்ச வயரும் தேஞ்ச சாவி சுவிற்சும் அப்பிடியேதான் கிடக்கும். மற்றது, சுவிஸ் மலையில கோத்தார்ட் கணவாய்க்கு மேல எலக்ட்ரோனிக் பெட்டி செத்தா கட்டி இழுக்கத்தான் வேணும், பொயின்ற் எண்டா நகம் தேய்க்கிற அரத்தால தேய்ச்சுப் போட்டு இறங்கி வரலாம். நான் இறங்கி வந்தனான்.

ஸ்டுட்கார்ட்காரன்:

அண்ணா, யெஸ்டி நண்பா, ரெண்டு பேருக்கும் நன்றி. சனிக்கிழமை முழுசும் கராஜ்லதான் இருந்தேன்.

முதல்ல காயில் மாத்திப் போட்டு ஓட்டினேன், 22வது நிமிஷம் திரும்பவும் இடதுதான். தண்ணி விட்டுப் பாத்தேன், வலது பைப் சுர்ர்னு சீறுது, இடதுல கண்ணீர் மாதிரி வழியுது. ஆக காயில் ரெண்டும் நல்லாருக்கு, கூடைல போட்டு வச்சிருந்த ஆர்டரை கேன்சல் பண்ணிட்டேன்.

அப்புறம் டேங்க தூக்கி வச்சுட்டு பாயின்ட் மூடிய திறந்தா, அய்யோ. பாயின்ட்டை திறந்து மூடுற கேம் மேல கிரீஸ் தேய்க்கிற அந்த ஃபெல்ட் துண்டு கருவாடு மாதிரி காஞ்சு கிடக்கு, கிரீஸ் பாத்து எத்தனை வருஷம் ஆச்சோ. இடது பாயின்ட்டுல கேம் மேல உரசுற குதிகால் நல்லா தேஞ்சுபோய் கேப் 0.25 கூட இல்ல, புக்ல 0.37-லேருந்து 0.43 மில்லின்னு போட்டிருக்கு. முகம் ரெண்டும் ஒரு பக்கம் குழி, ஒரு பக்கம் மேடு. அரம் போட்டு தேய்ச்சு, விசிட்டிங் கார்டை நடுவுல விட்டு இழுத்து எண்ணெய துடைச்சு, 0.4-க்கு வச்சேன்.

கேப் மாத்தினா டைமிங்கும் (ஸ்பார்க் விழற நேரம்) மாறிடும்ல, அதையும் வைக்கலாம்னு பெல் ஹவுசிங்ல (ஃபிளைவீல மூடியிருக்கிற கூடு) இருக்கிற ரப்பர் மூடிய கழட்டி ஃபிளைவீல பாத்தா டி, எஸ்-னு ரெண்டு எழுத்து. வெக்கத்த விட்டு சொல்றேன், இவ்ளோ நாள் டி-ன்னா டெட் சென்டர், எஸ்-னா ஸ்பார்க்னு நினைச்சுட்டு இருந்தேன், யாரும் சிரிக்காதீங்க. ஆபீஸ்ல பக்கத்து சீட்டு இத்தாலிக்காரன்கிட்ட போட்டோ காட்டினேன், தேஸ்த்ரான்னா வலது, சினிஸ்த்ரான்னா இடதுடான்னு சொல்லிட்டு தலைல அடிச்சுக்கிட்டான். பிளக் கழட்டிட்டு அஞ்சாவது கியர்ல பின் வீல சுத்தி, 12 வோல்ட் பல்பு ஒண்ண பாயின்ட்டுக்கும் எர்த்துக்கும் நடுவுல மாட்டி, பல்பு எரியற இடத்துல ரெண்டு பக்கத்தையும் தனித்தனியா வச்சேன். ஐட்லிங் இப்ப கடியாரம் மாதிரி இருக்கு.

ஆனா கதை முடியல. ஓட்டினேன், 25வது நிமிஷம் திரும்பவும் படுத்துச்சு. அழுகையே வந்துடுச்சு. வீட்டுக்கு வந்து நல்லா ஆறவிட்டு ஹேர் டிரையர எடுத்தேன். வலது கண்டன்சருக்கு ஊதினேன், அஞ்சு நிமிஷம், ஒண்ணும் ஆகல. இடதுக்கு ஊதினேன், நாலு நிமிஷத்துல பாயின்ட்ல நீலமா பொறி பறக்க ஆரம்பிச்சு சிலிண்டர் நின்னுச்சு. ரெண்டையும் இடம் மாத்தினேன், இப்ப வலது படுக்குது! வாழ்க்கைல ஒரு சிலிண்டர் நின்னதுக்கு இவ்ளோ சந்தோஷப்பட்டது இல்ல. ரெண்டு கண்டன்சர் ஆர்டர் போட்டாச்சு, ஒண்ணு 9 யூரோ.

சார்ஜிங் லைட்டு மட்டும் இன்னும் அதே அகல்விளக்குதான். 3000 ஆர்.பி.எம்.ல பேட்டரில 13.9 வோல்ட் காட்டுது. டி.யூ.வி.காரங்க கேப்பாங்களே, சார்ஜ் குடுக்கிற ஆல்டர்னேட்டருக்குள்ள சுத்துற ரோட்டர் போயிடுச்சோ?

லுகானோ அண்ணை:

13.9 வருது எண்டா ரோட்டரில கை வைக்காதேங்கோ. அந்த லைற்றின்ர ஒரு கால் சாவி சுவிற்சுக்குப் பிறகு வாற கரண்டில இருக்குது, மற்றக் கால் ஒல்ட்டர்னேற்றரில. ரெண்டு பக்கமும் ஒரே வோல்ற் எண்டா லைற் எரியாது. மங்கலா எரியுது எண்டா ஒரு பக்கம் குறையுது, குறையிறது அனேகமா சாவிப் பக்கம், உள்ளுக்க செப்புத் தகடு கறுத்துப்போய் கரண்டை விழுங்குது.

மல்ரிமீற்றரில சிவப்பை பற்றறி பிளஸ்ஸிலயும் கறுப்பை கொயில் பிளஸ்ஸிலயும் வையுங்கோ, எஞ்சின் ஓடட்டும். 0.3, 0.4 எண்டா பரவாயில்லை. ஒரு வோல்ற்றுக்கு மேல காட்டினா சுவிற்சையும் பியூஸ் பெட்டியையும் வடிவா துப்பரவாக்குங்கோ. கவனிச்சீங்களா, அதே வயர்தான் கொயிலுக்கும் போகுது, அதால உங்கட ஸ்பார்க்கும் இவ்வளவு நாளும் அரைப்பட்டினியில ஓடியிருக்கும். அந்த பல்பு பியூஸ் போனாலும் கெதியா மாத்துங்கோ, ஒல்ட்டர்னேற்றருக்கு முதல் கரண்ட் அதுக்குள்ளாலதான் போகுது, பல்பு செத்தா சார்ஜும் எழும்பாது.

மற்றது நீங்கள் கேக்காத விசயம் ஒண்டு. உங்கட வண்டியின்ர எண்ணெய் பில்டர் வெளியில இல்லை, சம்புக்கு (எஞ்சினுக்கு அடியில எண்ணெய் நிக்கிற தொட்டி) உள்ளுக்க இருக்குது, மாத்திறதெண்டா சம்பையே இறக்கோணும். அதால கனபேர் எண்ணெயை மட்டும் மாத்திப் போட்டு பில்டரை மறந்துடுவினம். பதினோரு வருசம் நிண்ட வண்டி, ஒருக்கா இறக்கிப் பாருங்கோ. புது பில்டரைச் சுத்தி ரியூப்புக்குப் பூட்டிற வட்டக் கிளிப் ஒண்டை இறுக்கி, கிளிப்பின்ர திருகு பக்கத்தில முட்டி நிக்கிற மாதிரி விடுங்கோ, அப்ப பில்டர் தன்பாட்டில கழண்டு திரும்ப ஏலாது. உள்ளுக்க கழண்டா வெளியில ஒரு சொட்டும் ஒழுகாது, எண்ணெய் பிறஷர் மட்டும் விழும், நீங்கள் சிவப்பு லைற்றைக் காணேக்க பேரிங் போயிருக்கும்.

சம்பு கையில இருக்கேக்க அடியில வெள்ளித்தூள் மாதிரி மினுங்குதோ எண்டும் பாருங்கோ. 1978 எண்டா உங்கட சிலிண்டர் குரோம் பூசினதா இருக்கத்தான் சந்தர்ப்பம் கூட, வயசுக்கு அது உரியும், உரிஞ்ச துண்டு எண்ணெயோட சுத்தும். பயப்பிட வேண்டாம், இத்தாலியில குட்ஸி பக்டரி இருக்கிற மண்டெல்லோ ஊரிலயே ஜிலார்டோனி எண்டு ஒரு கொம்பனி இப்பவும் சிலிண்டர் செய்யுது, நிக்கசில் எண்ட கெட்டியான நிக்கல் பூச்சுப் பூசினது.

ஸ்டுட்கார்ட்காரன்:

1.3 வோல்ட் அண்ணா! சாவி சுவிட்ச கழட்டி உள்ள பாத்தா தகடெல்லாம் நம்ம ஊரு தோசைக்கல்லு மாதிரி கரி. தேய்ச்சு மாட்டினேன், இப்ப 0.2. லைட்டு சுத்தமா அணைஞ்சுடுச்சு. புது கண்டன்சரும் வந்துச்சு, நேத்து ஒரு மணி நேரம் நிக்காம ஓட்டினேன், ரெண்டு பைப்பும் சீறுது.

சம்ப் நாளைக்கு. கிளிப் எந்த சைஸ்னு மட்டும் சொல்லுங்க, கடை ஆறு மணிக்கு மூடிருவான்.

லுகானோ அண்ணை:

பில்டரின்ர வெளி விட்டத்தை நூலால அளந்து கொண்டு போங்கோ. கிளிப் இரும்பு வேண்டாம், ஸ்டெயின்லெஸ். சம்பு கஸ்கெற்றும் ஒண்டு வாங்குங்கோ, பழசு பிஞ்சுதான் வரும்.

கோவை யெஸ்டி:

அப்படியே அந்த நல்ல பழைய கண்டன்சர சீட்டுக்கு அடியில போட மறந்துராதீங்க. ஹேர் டிரையர தொடச்சாச்சா?

ஸ்டுட்கார்ட்காரன்:

தொடச்சேன். கண்டுபிடிச்சுட்டாங்க.